பொறுமை உபதேசம் யாருக்கு?

அந்தியூர் பக்கம் ஒரு தொழிலாளி வீட்டில் புருஷன் பெண்சாதிக்குள் சச்சரவு என்றால் என்ன நடக்கிறது? கோயிலில் பூக் கேட்கிறார்கள். ஜோசியர் தோஷம் என்கிறார். பரிகாரத்துக்குக் கடன் வாங்குகிறார்கள். கடன் வந்ததும் சச்சரவு இரட்டிப்பாகிறது!

இப்போது படித்தவர்களும் வேறொரு பெயரில் இதையே கொண்டு வருகிறார்கள். மனதை வாட்டும் தவறான எண்ணங்களைப் பேசித் திருத்தி, நடத்தையை மாற்றும் சிகிச்சை ஒன்று உண்டு. 1960களில் அமெரிக்க டாக்டர் ஆரன் பெக் வகுத்தது. அதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் அதில் மத நூல் வாக்கியங்களையும் பிரார்த்தனையையும் கலந்து கொடுத்தால்தான் தம்பதிகளின் மனம் தேறும் என்கிறார்களே, அது மெய்யா? நாட்பட்ட நோயும் மனச்சோர்வும் கொண்ட 132 பேரிடம் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் இரண்டு முறைகளையும் சோதித்தார்கள். 2015ல் முடிவு வெளிவந்தது. மொத்தத்தில் மதம் கலந்தது மேலானதாக இல்லை!

கும்பிடுகிறவரோடு நமக்குச் சண்டையில்லை. ஆனால் "பொறுத்துப் போ" என்ற உபதேசம் யாருக்கு? குடித்துவிட்டு அடிக்கிறவனுக்கா? இல்லை, அடிபடுகிறவளுக்கு! சங்கத்தில் கொடி பிடித்துவிட்டு வீட்டில் கை ஓங்கும் தோழரும் இதைக் கேட்கட்டும்.

மில்லில் இரவு ஷிப்டு முடிந்து அவள் வரும்போது, அவன் பண்ணாடியின் கரும்புக் காட்டுக்குப் போய்விடுகிறான். முகம் பார்த்துப் பேச நேரமில்லாத இருவருக்கு எந்த மந்திரம் நேரம் கொடுக்கும்?

வைத்தியம் எட்டாத ஏழைகளின் கதி என்ன என்பதை ஏர்வாடி காட்டியது. தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைத் தனியார் காப்பகத்தில் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். 2001 ஆகஸ்ட் 6ல் தீப்பிடித்தது. 28 பேர் மாண்டார்கள். சங்கிலியிடுவதைத் தடுத்து, அரசின் மனநல வைத்தியத்தை உரிமையாக்கியது 2017ம் ஆண்டுச் சட்டம். உரிமை ஏட்டில் இருந்தால் போதாது, நம் ஊர் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும்!

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைத் தமிழகச் சட்டசபை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு வந்தது! இதை எந்தப் பரிகாரம் சாதித்தது? தொழிலாளர் ஒற்றுமை அல்லவா சாதித்தது!

ஆகவே தோழர்களே, கேளுங்கள்: 8 மணி நேர வேலை! குடும்பம் நடத்தக் கூலி! அந்தியூர் ஆஸ்பத்திரியில் தவறாமல் மனநல டாக்டர்! கணவனும் மனைவியும் ஒன்றாக நின்று கேளுங்கள்!