கத்திரியும் கத்திரிக்காயும்

வசந்த காலத்தில் வீட்டுத் தோட்டம் போடுங்கள் என்று யூட்யூபில் ஒரு வெள்ளைக்காரர் சொல்லிக் கொடுக்கிறார். நல்ல மனிதர். ரப்பர் பூட்ஸ், தொப்பி, காலடியில் பனி இப்போதுதான் உருகி முடித்த ஈர மண். "கடைசி உறைபனி போனதும் தக்காளி நாற்றை வெளியே எடுத்து நடுங்கள்" என்கிறார். திருச்சியில் கடைசி உறைபனி எப்போது போனது என்று விசாரித்தேன். யாருக்கும் ஞாபகமில்லை. மலைக்கோட்டைப் பாறையைக் கேட்டால் ஒருவேளை தெரியலாம். அதற்குத்தான் ஊரிலேயே வயசு அதிகம்.

நமக்கும் வசந்தம் உண்டு, இல்லாமலில்லை. சித்திரை, வைகாசி இரண்டும் இளவேனில் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறோம். அந்த 'இள'வேனிலுக்கு நட்ட நடுவே, மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடிகிறது கத்திரி வெயில். அப்போது திருச்சியில் 40 டிகிரி என்பது பேப்பரில் நாலாம் பக்கச் செய்தி. ஸ்ரீரங்கத்தில் ரங்கநாதருக்கே சித்திரையில் கோடைத் திருநாள், வைகாசியில் வசந்தோற்சவம் என்று குளிரக் குளிர ஏற்பாடு செய்கிறார்கள். மொட்டை மாடித் தக்காளிக்கு யார் உற்சவம் நடத்துவது?

எனவே, சனி ஞாயிறு லீவில் தோட்டம் போட ஆசைப்படும் ஆபீஸ் நண்பர்களே, வசந்தத்தில் விதைக்காதீர்கள். நம் ஊரில் அது பறிக்கிற பருவம். கத்திரிக்காய் வேண்டுமா? மார்கழியில், பக்கத்து வீட்டு ரேடியோவில் திருப்பாவை கேட்கும்போதே நாற்று விட வேண்டும். முப்பது, முப்பத்தைந்து நாளில் பிடுங்கித் தையில் நட்டால், அதிலிருந்து இரண்டு மாதத்தில், பங்குனி வாக்கில் காய். வெண்டையும் கொத்தவரையும் தையில் நேராக விதைக்கலாம். வெண்டை நாற்பத்தைந்து நாளில் காய்த்துவிடும். சமயபுரத்தம்மன் மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பச்சைப் பட்டினி விரதம் ஆரம்பிக்கிறாளே, இருபத்தெட்டு நாள், அதை ஒரு அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். அம்மன் விரதம் தொடங்கும்போது வெண்டை பூத்திருக்க வேண்டும். இல்லையென்றால் இந்த வருஷம் உங்களுக்கும் பட்டினி விரதம்தான்.

தக்காளி விஷயத்தில் மட்டும் ஒரு ரகசியம் உண்டு. பகல் வெயில்தான் அதைக் கெடுக்கிறது என்று எல்லோரும் பச்சை வலையைக் கட்டுகிறார்கள். பாதி வினை ராத்திரியில். ராத்திரி வெப்பம் 21, 22 டிகிரியைத் தாண்டினால் தக்காளிக்குக் காய் பிடிப்பது குறையும். திருச்சியில் ஏப்ரல் ராத்திரி எவ்வளவு என்பது, ஃபேனுக்குக் கீழே புரண்டு படுப்பவர்களுக்குத் தெரியும். செடி பச்சைப் பசேலென்று வளரும், மஞ்சளாய்ப் பூக்கும், மறுநாள் காலை பூவெல்லாம் தரையில் கிடக்கும். உரம் போதவில்லை என்று மேலும் போடுவோம். அதற்கும் இலை விடும். ஐப்பசி, கார்த்திகையில் நட்டிருந்தால் இந்த நாடகமே கிடையாது.

இதெல்லாம் எனக்கு அம்மா சொன்னது. டிகிரிக் கணக்கு மட்டும் நான் படித்தது.

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயசு. ஐம்பது வருஷம் உத்திர வீதியில் ஒரு வீட்டில் இருந்தவள். அந்த வீடு தெருவிலிருந்து பின் சந்து வரைக்கும் ரயில் பெட்டி மாதிரி நீளம். திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை, கிணற்றடி, கடைசியில் கொல்லை. கிணற்றடியில் குளித்த தண்ணீர் ஒரு சின்ன வாய்க்காலாக ஓடி வாழைக்குப் போகும். பாத்திரம் தேய்த்த தண்ணீர் சேம்புக்கு. அரிசி களைந்தது கறிவேப்பிலைக்கு. தொழுவத்தில் ஒரு மாடு இருந்தவரைக்கும் எருவும் அங்கேயே. கொல்லைக்கென்று யாரும் தனியாக ஒரு வாளி சுமந்து நான் பார்த்ததில்லை. 'எங்களுக்கு கிச்சன் கார்டன் இருக்கிறது' என்று யாரும் பீற்றிக்கொண்டதும் இல்லை. வீட்டில் மிஞ்சியதெல்லாம் சரிவில் இறங்கிப் போய்ப் புடலங்காயாகத் தொங்கியது, அவ்வளவுதான். மண்ணும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல். (எல்லாத் திருச்சிக்கும் இந்த யோகம் இல்லை. திண்டுக்கல் ரோட்டில் நாவலூர் குட்டப்பட்டு பக்கம் களர் நிலம். அங்கே இருக்கும் வேளாண் கல்லூரி, களரிலும் விளையட்டும் என்று 'திருச்சி 1' என்று ஒரு நெல்லே கொண்டுவந்தது. அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் விதை வாங்குவதற்கு முன் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.)

சகோதரர்கள் மூன்று பேர், வீடு ஒன்று என்றால் என்ன ஆகும்? ஃப்ளாட் ஆகும். கிணறு மூடப்பட்டு அதன் மேல் இப்போது யாருடைய காரோ நிற்கிறது. நாங்கள் நாலு தெரு தள்ளி மூன்றாவது மாடியில். அம்மாவுக்கு முழங்கால் தகராறு. தெருவுக்கு இறங்குவதில்லை. கோயிலுக்கும் போவதில்லை, கோபுரத்தை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொள்கிறாள். பேச்சும் குறைந்து போய், கேட்டதற்குப் பதில் என்ற அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் மொட்டை மாடியில் நான் முதல் பையை வைத்த அன்று எப்படியோ பதினாறு படி ஏறிவிட்டாள். பையை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை.

"ஏண்டா, இதுலே செடி இருக்குமா, இல்லே ஆஸ்பத்திரியிலே சேத்திருக்கியா?"

எட்டு மாசத்தில் அவள் அடித்த முதல் ஜோக்.

மாடித் தோட்டத்தின் சங்கடம் அப்போதுதான் புரிந்தது. கொல்லையில் எல்லாம் தானாகக் கீழே இறங்கி வந்தது. மாடிக்கு எல்லாவற்றையும் மேலே ஏற்ற வேண்டும். மண், தென்னை நார்க் கழிவு (இதை நன்றாகக் கழுவாமல் போட்டால் உப்பு, நாற்று சுருண்டுவிடும்), மண்புழு உரம், எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர். மாசி வரைக்கும் ஒரு பைக்கு ஒரு லிட்டர் போதும். பங்குனி பிறந்தால் இரண்டு. எங்களிடம் இருபத்திரண்டு பை.

காய்த்தது என்னவோ உண்மை. கத்திரிக்கு இருக்கும் ஒரே பெரிய எதிரி, தண்டையும் காயையும் துளைக்கும் புழு. இந்த ஒரு புழுவுக்காகத்தான் பி.டி. கத்திரி என்று ஒன்றைச் செய்தார்கள். நாடு முழுக்கச் சண்டை நடந்து, 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்தி வைத்தது. பங்களாதேஷ் 2013-ல் அனுமதித்தது. அம்மாவின் தொழில்நுட்பம் வேறு. தினமும் சாயங்காலம் ஸ்டூலில் உட்கார்ந்து, எந்தக் கொழுந்து தலை தொங்குகிறதோ அதைப் புழுவோடு நகத்தால் கிள்ளி ஒரு டப்பாவில் போட்டு மூடிவிடுவாள். இருபது செடிக்கு இது போதும். இருபது ஏக்கர் வைத்திருக்கும் விவசாயியிடம் போய் 'நகத்தால் கிள்ளுங்கள்' என்று சொன்னால், நம்மைக் கிள்ளுவார்.

பங்குனி இரண்டாவது வாரம் செகரட்டரி மாமா மாடிக்கு வந்தார். எங்கள் அசோசியேஷன் செகரட்டரி. கடலைப் புண்ணாக்கை ஊற வைத்த தண்ணீரை அன்றைக்குத்தான் செடிகளுக்கு விட்டிருந்தோம். மூக்கைப் பொத்திக்கொண்டு, "செப்டிக் டேங்க் லீக்கோன்னு பயந்துட்டேன் மாமி" என்றார். அப்புறம் குற்றப் பத்திரிகை. ஸ்லாப் தாங்காது. ஈரம் இறங்கும். போர் தண்ணீர் எல்லோருக்கும் பொது. ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்.

முதல் இரண்டுக்கும் என்னிடம் பதில் இருந்தது. ஒரு பை நனைந்தால் இருபது கிலோ. எல்லாம் பீம் போகிற ஓரமாக, செங்கல் மேல் நிற்கின்றன; கீழே தண்ணீர் தேங்குவதில்லை. மூன்றாவதற்குப் பதில் இல்லை. ஏனென்றால் அவர் சொன்னது நியாயம். அந்த வருஷம் போரில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. காலை எட்டரைக்குக் குழாயில் காற்று வந்தது. பன்னிரண்டு வீடு குளிக்க முடியாதபோது நான் கொத்தவரைக்கு நாற்பத்திநாலு லிட்டர் விடுவது எந்த ஊர் தர்மம்? 1965-ல் உணவுப் பஞ்சத்தின்போது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தன் பங்களாப் புல்வெளியையே உழுதார் என்று ஒரு பாயிண்ட் எடுத்து வைத்திருந்தேன். டில்லி பங்களாவுக்கு அசோசியேஷன் கிடையாது என்பது மீட்டிங்குக்கு முதல் நாள் ராத்திரிதான் உறைத்தது.

மீட்டிங்குக்கு அம்மா வந்தாள். மூன்று மாடி, ஒரு கையில் கைப்பிடி, ஒரு கையில் நான். லிஃப்ட் அன்றைக்கு வழக்கம்போல் ரிப்பேர். எல்லோரும் எழுந்து நாற்காலி போட்டார்கள்.

"போர் தண்ணி ஒரு சொட்டு எடுக்க மாட்டேன். அரிசி களைஞ்ச தண்ணி, காய் அலம்பின தண்ணி எல்லாரும் கீழேதானே கொட்டறேள்? வாசல்லே ஒரு பக்கெட் வைக்கறேன். அதுலே கொட்டுங்கோ. இவன் எடுத்துண்டு போவான்."

'இவன்' நான்தான். என்னை யாரும் கேட்கவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

இப்படியாக, உத்திர வீதியில் தரையின் சரிவு செய்த வேலையை இங்கே நான் செய்கிறேன். காலை ஆறே முக்காலுக்குப் பன்னிரண்டு வாசல், இரண்டு பக்கெட், அப்புறம் குளியல், அப்புறம் கன்டோன்மென்ட் பஸ். சோப்புத் தண்ணீர் கீரைக்கு ஆகாது. ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரில் உப்பு அதிகம், பைச் செடிக்கு வேண்டாம். இரண்டையும் மோந்து பார்த்தே கண்டுபிடிக்கிற அளவுக்குத் தேறிவிட்டேன். இருபத்தைந்து லிட்டர் வரை தேறியது. பாக்கிக்கு மூடாக்கு: மேலூர் ரோட்டுத் தோட்டத்திலிருந்து ஒரு மூட்டை வாழைச் சருகு வாங்கிவந்து, ஒவ்வொரு பையிலும் மண் தெரியாமல் நாலு விரல்கடை பரப்பினோம். நம்மாழ்வார் மேடைக்கு மேடை சொன்ன சங்கதி. இரண்டு நாளில் வித்தியாசம் தெரிந்தது. சாயங்காலம் விரலை விட்டால் அடியில் ஈரம்.

வரவு செலவு கேட்பீர்கள். பை, நார்க் கழிவு, விதை, உரம், வலை எல்லாம் சேர்த்து 3,150 ரூபாய். சித்திரைக் கடைசி வரை பறித்தது கத்திரி ஒன்பது கிலோ, வெண்டை ஐந்து, கொத்தவரை மூன்று, கீரை கணக்கில்லை. காந்தி மார்க்கெட்டில் கத்திரிக்காய் விலை இறங்குகிற வாரத்தில்தான் நம் செடியும் காய்த்துக் கொட்டும். ஊருக்கெல்லாம் தைப்பட்டம் ஒன்றுதானே! லாபம் என்று யாராவது வீடியோ போட்டால் நம்பாதீர்கள்.

கத்திரி பிறந்ததும் தக்காளி எதிர்பார்த்தபடி போய்ச் சேர்ந்தது. வெண்டையில் வெள்ளை ஈ வந்து, இலை நரம்பெல்லாம் மஞ்சளான நாலு செடியை அம்மாவே யோசிக்காமல் பிடுங்கி எறிந்தாள். மற்றவை நின்றன. நின்றதற்குக் காரணம் செகரட்டரி மாமா. அவர் வீட்டு ஏ.சி. குழாய் எங்கள் பால்கனிப் பக்கம் சொட்டிக்கொண்டிருந்தது. உப்பே இல்லாத தண்ணீர். ஒரு கேனை வைத்துப் பார்த்தால், ராத்திரிக்கு ஒரு குடம்! வெயில் ஏற ஏற ஏ.சி.யும் கூட ஓடும். செடிக்கும் கூட வேண்டும். இவ்வளவு பொருத்தமான ஜாதகம் நான் பார்த்ததில்லை. அவருக்கு வாரம் ஒரு பிடி வெண்டைக்காய் போகும் என்று ஒப்பந்தம்.

மே மாசம் கரண்ட் பில் வந்த அன்று மாமா மாடிக்கு வரவில்லை. மறுநாள் சாயங்காலம் வந்தார். வெண்டை முற்றுவதற்குள் பறிக்க வேண்டுமே.

"மாமி, இனிமே ஏ.சி.யை இருபத்தாறிலே வைக்கலாம்னு இருக்கேன்."

அம்மா டப்பா மூடியைத் திருகிக்கொண்டே, "வையுங்கோ. புடலை மட்டும் கொஞ்சம் வாடும்" என்றாள்.

அன்றைக்கு ராத்திரியும் கேன் நிரம்பித்தான் இருந்தது.