நம் நாட்டின் பெயரே இல்லாத கம்பனிக்காக நம் பிள்ளைகள் ஏன் அடித்துக்கொள்கிறார்கள்?



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கேம் பைத்தியம் பிடித்த பிள்ளை இருந்தால், அல்லது நீங்களே அந்தப் பிள்ளையாக இருந்தால், தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

போன வாரம் இடைவேளை நேரம் தரம் 10 பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ட் கொலரைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் சொந்தக்காரர். ஒருவனுடைய வாப்பா மற்றவனுக்குச் சாச்சா. பிரித்துவிட்டுக் காரணம் கேட்டோம். "சேர், எக்ஸ்பொக்ஸ் செத்துப் போச்சு எண்டு குரூப்ல மய்யித்துப் படம் போட்டான்" என்றான் ஒருவன். "இவன் மட்டும் பிஎஸ்5ஐ வைஃபை ரூட்டர் எண்டு சொல்லலாமா?" என்றான் மற்றவன்.

முதலில் எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டோம். "உங்கட வீட்டில எது இருக்கு?"

ஒருவன் வீட்டில் ஒன்றும் இல்லை. மற்றவன் வீட்டிலும் ஒன்றும் இல்லை. ஒருவன் உம்மாவின் போனில் யூடியூப் பார்க்கிறான். மற்றவன் மணித்தியாலக் கணக்கில் காசு கட்டி கேம் சென்டரில் விளையாடுகிறான். இவ்வளவுதான். தங்களிடம் இல்லாத பெட்டிக்காக, தங்களைத் தெரியாத கம்பனிக்காக, கூடப் பிறந்தவன் மாதிரி வளர்ந்தவனுடைய கொலரைப் பிடித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

விளையாட்டு கூடாது என்று சொல்ல இந்தப் பதிவை எழுதவில்லை. ரசிகர் என்ற பெயரில் நம் தம்பிமார் இரண்டு மூன்று கம்பனிகளுக்குச் சம்பளம் இல்லாத சிப்பாய்களாக மாறிவிட்டார்கள். அதைத்தான் கேட்க வருகிறோம்.

முதலில் பிளேஸ்டேஷன் பக்கம் நிற்கும் தம்பிமாருக்கு.

பிளேஸ்டேஷன் நெட்வேர்க்கில் புதிதாகக் கணக்குத் திறக்கும்போது நாட்டைத் தெரிவு செய்யச் சொல்லி ஒரு பட்டியல் வரும். அதில் இந்தியா இருக்கிறது, சவூதி இருக்கிறது, கத்தார் இருக்கிறது. இலங்கை இல்லை. அதனால் நம் ஊரில் கணக்கு வைத்திருக்கும் பிள்ளை ஒவ்வொன்றும் அமெரிக்காவிலோ டுபாயிலோ இருப்பதாகப் பொய் முகவரி கொடுத்துத்தான் உள்ளே போகிறது. காசு கட்டுவதற்கும் அந்த நாட்டு கிஃப்ட் கார்ட்டைக் கூடுதல் விலைக்கு வாங்குகிறது. நாளைக்கு அந்தக் கணக்கை முடக்கினால் நியாயம் கேட்க நமக்கு இடம் உண்டா? பொய் சொன்னது நாமாயிற்றே.

இது சும்மா பயமுறுத்தும் கதை இல்லை. 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 விடயத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கணினியில் விளையாடுபவர்களும் கட்டாயம் பிளேஸ்டேஷன் கணக்கு இணைக்க வேண்டும் என்று சொனி அறிவித்தது. அந்தக் கணக்கே திறக்க முடியாத 170க்கும் மேற்பட்ட நாடுகளிலும் பிரதேசங்களிலும் ஸ்டீமில் அந்த கேமின் விற்பனை நின்றது. காசு கொடுத்து வாங்கியவன் என்ன செய்வான் என்று அறிவிக்கும் முன் ஒருவரும் யோசிக்கவில்லை. உங்கள் தாய்நாட்டின் பெயரைக்கூடப் பட்டியலில் போடாத கம்பனிக்குத்தான் தம்பி, நீங்கள் இரவு 2 மணிக்குக் கண் விழித்துக் கமென்ட்டில் காவல் நிற்கிறீர்கள்.

எக்ஸ்பொக்ஸ் பக்கம் நிற்பவர்கள் இதை வாசித்துச் சிரிக்க வேண்டாம். உங்கள் கணக்கும் இருக்கிறது.

"எங்களிடம் இருப்பது உங்களிடம் இல்லை" என்பதுதானே இந்தச் சண்டையின் உயிர்? 2024 பெப்ரவரியில் மைக்ரோசொப்ட் தன்னுடைய நான்கு கேம்களை மற்றக் கன்சோல்களுக்கும் கொடுப்பதாகச் சொன்னது. 2025 ஏப்ரலில் ஃபோர்ஸா ஹொரைசன் 5 பிளேஸ்டேஷனுக்குப் போனது. ஓகஸ்டில் கியர்ஸ் ஒஃப் வோர் போனது. ஒக்டோபரில், எக்ஸ்பொக்ஸின் முகமாக இருந்த ஹேலோவும் 2026இல் பிளேஸ்டேஷனுக்கு வரும் என்று அறிவித்தார்கள். சிப்பாய்கள் இன்னும் பதுங்குகுழியில் இருக்கிறார்கள். தளபதி எதிர்ப்பக்கத்தில் கடை திறந்து வியாபாரம் பார்க்கிறார். அந்த நான்கில் ஒன்றான ஹை-ஃபை ரஷ் எல்லோரும் பாராட்டிய கேம். அதை உருவாக்கிய ஸ்டூடியோவை 2024 மே மாதம் மூடுவதாக அறிவித்ததும் இதே மைக்ரோசொப்ட்தான்.

அக்டிவிஷன் பிலிஸார்ட்டை ஏறத்தாழ 69 பில்லியன் டொலருக்கு வாங்கி முடித்தது 2023 ஒக்டோபரில். மூன்று மாதம் கழித்து 2024 ஜனவரியில் கேம் பிரிவிலிருந்து 1,900 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த மாதம் சொனி தன் பங்குக்குச் சுமார் 900 பேரை அனுப்பியது. உள்ளே வேலை செய்தவனுக்கே இந்த விசுவாசம்தான். வெளியில் நின்று கோஷம் போடுபவனுக்கு என்ன கிடைக்கும்?

இனி வாப்பாமார் கவனிக்க வேண்டிய விடயம், காசு.

எலக்ட்ரோனிக் சாமான் பழையதாகும்போது விலை குறைய வேண்டும். நாம் பார்த்து வளர்ந்தது அப்படித்தான். 2020இல் டிஸ்க் போடும் பிஎஸ்5 அமெரிக்காவில் 499 டொலர். ஐந்து வருடம் கழித்து 2025 ஓகஸ்டில் அதே பெட்டி 549 டொலர். எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸ் 2020இல் 499, 2025 மே மாதம் 599, ஒக்டோபரில் 649. கேம் பாஸ் அல்டிமேட் மாதச் சந்தா அதே ஒக்டோபரில் 19.99இலிருந்து 29.99ஆக ஏறியது. நின்டென்டோவின் ஸ்விட்ச் 2 வந்தது 449 டொலருக்கு, அதற்கான மரியோ கார்ட் வேர்ல்ட் தனியாக 79.99.

ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்துப் பாருங்கள். 549 டொலர் என்றால் ஒரு இலட்சத்து அறுபத்து நாலாயிரம் ரூபாவுக்கு மேல். வரியும் கடைக்காரரின் இலாபமும் இன்னும் சேரவில்லை. 2022இல் டொலர் 200இலிருந்து 360ஐத் தாண்டியபோது பால்மாவுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற நாடு இது. கத்தாரில் வெயிலில் நிற்கும் வாப்பாவுக்கு "கூட்டாளிமார் எல்லாரும் வாங்கிட்டாங்க" என்று வொய்ஸ் அனுப்பும் மகனுக்கு இந்தக் கணக்கை யாராவது உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தோமா?

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. இவ்வளவு கொடுத்து நாம் வாங்குவது உண்மையில் நமக்குச் சொந்தமா?

விற்றவன் கையை விட்டு, வாங்கியவன் கைக்குப் பொருள் வர வேண்டும். வியாபாரம் என்றால் அதுதான் என்று மதரஸாவில் படித்தோம். டிஸ்க் இருந்த காலத்தில் அப்படித்தான் இருந்தது. விளையாடி முடித்தால் கூட்டாளிக்குக் கொடுக்கலாம், விற்கலாம், தம்பிக்கு வைத்துவிடலாம். ஒரு டிஸ்க் நம் ஊரில் பத்து வீடு சுற்றியது. இப்போது 699 டொலருக்கு வந்த பிஎஸ்5 ப்ரோவில் டிஸ்க் போடும் இடமே இல்லை, அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஸ்விட்ச் 2இல் "கேம் கீ கார்ட்" என்று ஒன்று விற்கிறார்கள். அந்த அட்டைக்குள் கேம் இல்லை, டவுன்லோட் செய்யும் திறப்பு மட்டும்தான் இருக்கிறது. யூபிசொப்ட் தன்னுடைய த க்ரூ என்ற கேமின் சேர்வரை 2024 மார்ச் 31இல் நிறுத்தியது. அன்றிலிருந்து, காசு கொடுத்து டிஸ்க் வாங்கி வைத்திருந்தவனுக்கும் அது விளையாட முடியாத வெறும் தட்டு.

தம்பிமார் சண்டை பிடிக்க வேண்டிய இடம் இதுதான். எந்தப் பெட்டியில் படம் தெளிவு என்பதில் இல்லை.

இன்னொன்று, இதை மெதுவாகச் சொல்ல முடியாது. புட்போல் கேமில் உள்ள அல்டிமேட் டீம் பாக்கெட். காசு கொடுத்து மூடிய பாக்கெட்டை வாங்குவது, உள்ளே நல்ல வீரர் வந்தால் துள்ளுவது, வராவிட்டால் இன்னொன்று வாங்குவது. லொத்தர் சீட்டு வாங்கினால் முகம் சுளிக்கும் நாம், இதற்கு மட்டும் "பிள்ளை கேம்தானே விளையாடுது" என்கிறோம். 2018இல் பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஒழுங்குமுறை ஆணைக்குழு இப்படியான பெட்டிகளைச் சூதாட்டம் என்றே சொன்னது. 2019 தொடக்கத்தில் அந்தப் புள்ளிகளை அங்கே விற்பதை ஈஏ கம்பனி நிறுத்தியது. பெல்ஜியத்துக்கு விளங்கிய மைஸிர் நமக்கு விளங்கவில்லையா?

இன்னும் சில தம்பிமார் ஃபலஸ்தீனை இந்தச் சண்டைக்குள் இழுக்கிறார்கள். 2025 ஏப்ரலில் பிடிஎஸ் இயக்கம் எக்ஸ்பொக்ஸைப் புறக்கணிக்கச் சொன்னது உண்மை. அதை மனதார ஏற்றுக் காசைத் தடுப்பவனுக்கு எங்கள் மரியாதை உண்டு. ஆனால் மைக்ரோசொப்டின் விண்டோஸில் உட்கார்ந்துகொண்டு, பிளேஸ்டேஷன் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக மட்டும் காஸாவின் பெயரைச் சொல்பவனை என்ன சொல்வது? ஷஹீதான பிள்ளைகளின் இரத்தம் உங்கள் கன்சோல் சண்டைக்குக் கல் இல்லை.

"சேர், கிரிக்கெட்டுக்கும்தானே சண்டை போடுறாங்க" என்று அந்த இருவரில் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. கிரிக்கெட் அணியின் சட்டையில் நம் நாட்டுப் பெயர் இருக்கிறது, மகனே. தோற்றால் நாமும் தோற்கிறோம். சொனி இலாபம் எடுத்தால் உனக்கு என்ன வருகிறது? அடுத்த வருடம் விலை இன்னும் 50 டொலர் கூடும்.

பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி வாசலில் நின்று "கேம் எல்லாம் ஹராம், எல்லாத்தையும் உடைக்கணும்" என்று ஒரே வெட்டாக வெட்டினால் பிள்ளை கேட்காது. ஒளித்து விளையாடும், ஒளித்துப் பொய் சொல்லும். அளவோடு, தொழுகை நேரம் தப்பாமல், பார்க்கக்கூடாத காட்சி இல்லாமல் விளையாடுவது வேறு. சூது, பொய், வீண் செலவு, உறவை முறிப்பது வேறு. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டுமென்றால் நாமும் கொஞ்சம் படிக்க வேண்டும். உங்கள் மகன் என்ன விளையாடுகிறான் என்று அவன் பக்கத்தில் அரை மணித்தியாலம் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா?

ரசிகர்களுக்கு ஒரு பலமும் இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஹெல்டைவர்ஸ் விடயத்தில் விளையாடியவர்கள் ஒன்று சேர்ந்து ஸ்டீமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட எதிர் விமர்சனங்கள் எழுதினார்கள். சில நாட்களுக்குள் சொனி கணக்குக் கட்டாயத்தை வாபஸ் வாங்கியது. த க்ரூவுக்குப் பிறகு "ஸ்டொப் கில்லிங் கேம்ஸ்" என்று தொடங்கிய இயக்கத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து இலட்சத்துக்கும் மேல் கையொப்பம் சேர்ந்தது. அவர்களும் நம் தம்பிமார் மாதிரி விளையாட்டுப் பைத்தியங்கள்தான். ஆனால் கம்பனிக்காகச் சண்டை பிடிக்கவில்லை, கம்பனியிடம் கணக்குக் கேட்டார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆகவே நாங்கள் கேட்பது நான்கு விடயம். கன்சோல் வாங்கும் முன் டிஸ்க் போட முடியுமா, மாதம் மாதம் எவ்வளவு போகும் என்று வாப்பாவும் மகனும் ஒன்றாக உட்கார்ந்து பாருங்கள். பாக்கெட்டுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். கேம் சென்டர் நடத்தும் நாநாமாரே, பாடசாலை நேரத்தில் சீருடையோடு வரும் பிள்ளையை உள்ளே எடுக்காதீர்கள். வட்ஸ்அப் குரூப் அட்மின்மாரே, சண்டை தொடங்கினால் வேடிக்கை பார்க்காமல் நிறுத்துங்கள்.

அந்த இரண்டு பேரையும் அன்று மாலை ஒரே டெஸ்கில் உட்கார வைத்து, ஐந்து வருட விலையை அட்டவணையாக எழுதி ரூபாவில் கணக்குப் போடச் சொன்னோம். கூட்டிக் கழித்து முடித்துவிட்டு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "சேர், இந்தக் காசுக்கு எங்கட வாப்பா எத்தன மாசம் நிக்கணும்?" என்று ஒருவன் கேட்டான். மற்றவன் ஒன்றும் பேசவில்லை. அவனுடைய வாப்பாவும் அங்கேதான் இருக்கிறார். போகும்போது இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் போனார்கள்.

எல்லா வீட்டிலும் அந்தக் கணக்கைப் போட ஆசிரியர் வர முடியாது. பெற்றோர்களே, இன்று இஷாவுக்குப் பிறகு நீங்கள் போடுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் உறவையும் உழைப்பையும் பாதுகாப்பானாக. ஆமீன்.

பிரயோசனம் என்று நினைத்தால் உங்கள் குடும்ப குரூப்பில் பகிருங்கள். கருத்து வேறுபட்டால் கமென்ட்டில் சொல்லுங்கள், பதில் சொல்வோம். கன்சோல் சண்டை மட்டும் வேண்டாம்.