வயலில் முடியாத யுத்தம்

லாவோஸின் ஸியெங் குவாங் மாகாணத்துக்கு நாம் சென்றிருந்தபோது முதலில் கண்ணில் பட்டவை குண்டுக் கோதுகளே. கிராமங்களில் அவை வேலிக் கம்பங்களாகவும் வெங்காயப் பாத்திகளாகவும் களஞ்சியங்களைத் தாங்கும் தூண்களாகவும் நிற்கின்றன. பான் நாபியா கிராமத்தில் யுத்தகால அலுமினியத்தை உருக்கிக் கரண்டி வார்க்கிறார்கள். உல்லாசப் பயணிகளுக்கு இது ஒரு வேடிக்கை. வன்னியில் பழைய இரும்பு பொறுக்கப்போய் அவயவம் இழந்தோரை அறிந்த எம்மால் அதனை அவ்வாறு பார்க்க முடியவில்லை.

1964 முதல் 1973 வரை அமெரிக்கா இந்நாட்டின் மீது 20 இலட்சம் தொன்னுக்கும் அதிகமான குண்டுகளை வீசியது. 1962 ஜெனீவா உடன்படிக்கையின்படி லாவோஸ் நடுநிலை நாடு என்பதால் இந்த யுத்தம் அமெரிக்க மக்களிடமிருந்தே மறைக்கப்பட்டது. வீசப்பட்ட கொத்தணிக் குண்டுகளிலிருந்து சிதறிய சிறு குண்டுகள் சுமார் 27 கோடி. அவற்றில் 30 சதவீதம் வரை வெடிக்கவில்லை என மதிப்பிடப்படுகிறது. ரென்னிஸ் பந்தளவிலான இவற்றை மக்கள் 'பொம்பி' என்கிறார்கள். சிறுவர்கள் விளையாட்டுப் பொருளென எடுத்து விடுகிறார்கள். யுத்தம் முடிந்த பின்னர் மாத்திரம் 20,000 இற்கும் மேற்பட்டோர் இவற்றால் கொல்லப்பட்டோ காயமடைந்தோ உள்ளனர்.

நாம் கண்ட முதிய விவசாயி ஒருவர் மண்வெட்டியை ஆழமாக இறக்குவதேயில்லை. மேல்மண்ணைச் சுரண்டுவதோடு சரி. வயலில் தீ மூட்டுவதற்கும் அவருக்கு அச்சம், சூட்டினால் கீழே கிடப்பது வெடிக்கக்கூடும். ஆழ உழாத நிலம் எவ்வளவு விளைச்சலைத் தரும்? விளைச்சல் போதாதபோது உலோகத்தைத் தோண்டி விற்கும் ஆசை எழுகிறது. வறுமை மக்களைக் குண்டிடம் அனுப்புகிறது, குண்டு வறுமையை நீடிக்கிறது. இதனை வெறும் விழிப்புணர்வுக் குறைபாடாகச் சித்திரிப்போர் அந்த வயலில் ஒருநாள் கொத்திப் பார்க்க வேண்டும்.

2016 இல் லாவோஸ் வந்த ஜனாதிபதி ஒபாமா மூன்றாண்டுகளுக்கு 9 கோடி டொலர் அறிவித்தார். உதவ வேண்டிய தார்மீகக் கடமை உண்டென்றார். மன்னிப்புக் கோரவில்லை. தர்மமாகக் கொடுப்பதை எவ்வேளையிலும் நிறுத்தலாம் என்பதை 2025 ஜனவரி நிரூபித்தது. வொஷிங்டன் வெளிநாட்டு உதவிகளை இடைநிறுத்தியதும் லாவோஸிலும் எமது நாட்டிலும் அந்நிதியில் நடந்த அகற்றும் பணிகள் தற்காலிகமாக ஸ்தம்பித்தன. நட்டஈடு என ஒப்புக்கொண்டிருந்தால் அதனை இவ்வளவு இலகுவாக நிறுத்தியிருக்க முடியாது.

கொத்தணிக் குண்டுகளைத் தடைசெய்யும் சாசனம் 2010 ஓகஸ்ட்டில் நடைமுறைக்கு வந்தது. அதன் முதலாவது அரச தரப்பினர் கூட்டம் அவ்வாண்டு வியந்தியானில் நடைபெற்றது பொருத்தமானதே. ஆயினும் அதில் இணையாத அமெரிக்கா 2023 இல் உக்ரேனுக்கு இதே ஆயுதத்தை வழங்கியது. 2025 மார்ச்சில் லித்துவேனியா சாசனத்திலிருந்து வெளியேறியது. எமது நாடோ, இறுதி யுத்தத்தில் இவ்வகைக் குண்டுகள் பயன்படுத்தப்பட்டதான குற்றச்சாட்டை மறுத்துவந்த நிலையில் 2018 இல் இணைந்து, 2019 இல் சாசனக் கூட்டத்துக்குத் தலைமையும் வகித்தது. அந்தக் குற்றச்சாட்டு இன்னமும் சுயாதீனமாக விசாரிக்கப்படவில்லை.

கண்ணிவெடித் தடைச் சாசனத்தின்படி இலங்கை தனது நிலத்தைத் துப்புரவாக்க வேண்டிய காலக்கெடு 2028 ஜூன் 1. முகமாலைப் பக்கம் காணி வைத்திருப்போர் இத்திகதியை நாட்காட்டியில் குறித்து வைத்திருப்பர். ஸியெங் குவாங் விவசாயியின் நாட்டுக்கும் கொத்தணிக் குண்டுச் சாசனத்தின்படி ஒரு காலக்கெடு உண்டு, ஆனால் அது நீடிக்கப்பட்டே வருகிறது.