எழுதி வைப்பதும் வேலைதான்

வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகளோ மருமக்களோ கம்ப்யூட்டர் துறையில் இருக்கிறார்கள். பெங்களூர், புனே, ஹைதராபாத், நோய்டா என்று ஊர்தான் மாறுகிறது. "இப்போது என்னப்பா வேலை?" என்று கேட்டால், "ஏ.ஐ. ஏஜெண்டுக்கு டூல் எழுதுகிறேன்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். "அந்த டூலுக்கு விளக்கக் குறிப்பு எழுதுவது யார்?" என்று கேட்டால் மட்டும் முகம் சுருங்குகிறது. அது குமாஸ்தா வேலையாம்! கடைசி நாளில் யாராவது நான்கு வரி எழுதினால் போதுமாம். இந்த எண்ணம் தவறு மட்டுமல்ல, ஆபத்தானதும்கூட என்பது என் கருத்து.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சற்று விளக்கிவிடுகிறேன். சாப்ட்வேரில் உள்ள பிழையை 'பக்' என்கிறார்கள். பூச்சி என்று பொருள். இச்சொல் பொறியாளர்களிடையே முன்பே வழங்கி வந்ததுதான். 1947 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவின் ஹார்வர்டு மார்க் 2 கணிப்பொறியில் ஒரு நிஜ அந்துப்பூச்சியே சிக்கிக்கொண்டது. அங்கிருந்தவர்கள் அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி, மணி 3.45, எந்தப் பேனல், எத்தனையாவது ரிலே என்று குறித்து வைத்தார்கள். அந்தப் பதிவேடு இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பூச்சியைக் கண்டுபிடித்ததைவிட, இடமும் நேரமும் எழுதி வைத்தார்களே, அதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

இன்று பிழைகளைப் பதிவு செய்யப் பெரிய ஏற்பாடுகள் உள்ளன. 1998-இல் வந்த பக்ஸில்லா, 1999-இல் தொடங்கிய சி.வி.இ. பட்டியல் ஆகியவை உதாரணம். ஒரு கோளாறு வந்தால், இது முன்பே தெரிந்ததா, தீர்வு உண்டா என்று முதலில் அங்கே தேடிப் பார்ப்பார்கள். இப்போது அந்தத் தேடலை ஏ.ஐ. ஏஜெண்ட் செய்கிறது. கொடுத்த வேலையைத் தானே படிப்படியாகச் செய்து, தேவைப்படும்போது டூல்களைக் கூப்பிட்டுக்கொள்ளும் புரோகிராம்தான் ஏஜெண்ட். எந்த டூலை எப்போது கூப்பிடுவது, என்ன விவரம் தருவது, வரும் பதிலுக்கு என்ன பொருள் என்பதையெல்லாம் அது விளக்கக் குறிப்பைப் படித்தே முடிவு செய்கிறது.

நம் ஊரிலிருந்து முதன்முறையாக டில்லி ஸ்டேஷனில் வந்து இறங்குகிற பையனை நினைத்துப் பாருங்கள். பாஷை தெரியாது, கையில் ஒரு துண்டுச் சீட்டு. அதில் "மார்க்கெட்டுக்குப் பக்கத்தில்" என்று மட்டும் எழுதியிருந்தால் என்ன ஆவான்? அவனாவது யாரையேனும் தமிழர் என்று இனங்கண்டு விசாரிப்பான். ஏஜெண்டுக்கு அந்த வழியும் இல்லை. பத்து வருஷ அனுபவத்தில் பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரிந்திருப்பது அதற்குத் தெரியாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் பழமொழி. ஏஜெண்டுக்கோ ஏட்டை விட்டால் வேறு தோட்டமே கிடையாது!

குறிப்பில் ஒரு எண் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு வளைகுடாப் போர் சாட்சி. அமெரிக்காவின் பேட்ரியட் ஏவுகணை அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாகக் கணக்கிட்டது. அந்தப் பின்னத்தைக் கணிப்பொறி முழுத் துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாததால், அமைப்பு ஓட ஓடச் சிறு பிழை சேர்ந்துகொண்டே போயிற்று. இது முன்கூட்டியே தெரிந்துவிட்டது. 1991 பிப்ரவரி 21 அன்று, மிக நீண்ட நேரம் தொடர்ந்து ஓட்டினால் குறி விலகக்கூடும் என்று எச்சரிக்கையும் அனுப்பினார்கள். ஆனால் 'மிக நீண்ட நேரம்' என்றால் எத்தனை மணி என்று அதில் இல்லை. பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் நூறு மணி நேரத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த ஒரு பேட்ரியட், வந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 பேர் மாண்டார்கள். திருத்திய சாப்ட்வேர் மறுநாள் வந்து சேர்ந்தது! அமைப்பை நிறுத்தி மறுபடி இயக்க இரண்டு நிமிஷம்கூட ஆகாது. 'இத்தனை மணிக்கு ஒருமுறை நிறுத்தி இயக்குக' என்று எழுதியிருந்தால், அந்த ஒரு வரி உயிர்களைக் காத்திருக்கக் கூடும்.

எனவே, பிழை தேடும் டூலுக்குக் குறிப்பு எழுதுவோர் நான்கு விஷயங்களை விடவே கூடாது.

முதலாவது, எண்ணும் அளவும். 'பழைய பதிப்பு', 'பெரிய கோப்பு' என்பதெல்லாம் உதவாது. எந்தப் பதிப்பு, எத்தனை அளவு என்று இருக்க வேண்டும்.

இரண்டாவது, தேதி. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா சாப்ட்வேரில் பெரிய ஓட்டை வெளிப்பட்டது. 2.15.0 பதிப்பில் சரி செய்தார்கள். அது போதாது என்று தெரிந்து 2.16.0, அதன்பின் 2.17.0 என்று அதே மாதத்தில் அடுத்தடுத்து வெளியிட நேர்ந்தது. 'தீர்வு: 2.15.0' என்ற பதிலைத் தேதியில்லாமல் பெற்ற ஏஜெண்ட், வேலை முடிந்தது என்று நிம்மதியாக நகர்ந்துவிடும். பட்டியல் கடைசியாக என்று புதுப்பிக்கப்பட்டது என்பதை ஒவ்வொரு பதிலோடும் டூல் தர வேண்டும். குறிப்பும் அதைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, மௌனத்தின் பொருள். தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் பிழையே இல்லை என்று பொருளா, அல்லது யாரும் இன்னும் பதியவில்லை என்று பொருளா? தொடர்பு அறுந்துபோய் வெறுங்கையோடு வந்திருக்கவும் கூடும். இந்த மூன்றும் வெவ்வேறு என்று எழுதாவிட்டால், ஏஜெண்ட் தனக்குத் தோன்றியபடி பொருள் கொள்ளும்.

நான்காவது, பதிவில் உள்ளது தகவல்தான், கட்டளை அல்ல என்பது. பிழைப் பட்டியலில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற நிலையில், 'இந்தக் கோப்பை அழித்துவிடு' என்று ஒரு விஷமி எழுதி வைக்க முடியும். அதைப் படித்துவிட்டு ஏஜெண்ட் அப்படியே செய்யக் கூடாது. குறிப்பில் எச்சரித்தால் மட்டும் போதாது. அழிக்கும் அதிகாரத்தையே அதனிடம் தராமல் இருப்பது நலம்.

"ஏஜெண்ட் கெட்டிக்காரன், புரோகிராமைப் படித்துத் தானே தெரிந்துகொள்ளும்" என்று சிலர் வாதிடலாம். டூல் என்ன செய்கிறது என்பதைப் புரோகிராம் சொல்லும். பட்டியலில் எது விட்டுப்போனது, எதை நம்பக் கூடாது என்பதை அது எப்படிச் சொல்லும்? அது மனிதர் மனதில் அல்லவா இருக்கிறது! குறிப்பு சீக்கிரம் பழசாகிவிடும் என்பதும் உண்மையே. அதனால்தான் டூலை மாற்றுகிறவரே அன்றைக்கே குறிப்பையும் மாற்ற வேண்டும் என்கிறேன். வேறொருவர் தலையில் கட்டினால் அது நடக்காது.

ஏ.ஐ. வந்து பிள்ளைகளின் வேலை போய்விடுமோ என்று பெற்றோர் பலர் கவலைப்படுகிறார்கள். எந்த வேலை நிற்கும், எது போகும் என்று ஜோசியம் சொல்ல நான் வரவில்லை. ஆனால் தெரிந்ததைத் தெளிவாக, ஐயம் இல்லாமல், அளவோடு எழுதத் தெரிந்தவரின் தேவை கூடியிருக்கிறது என்பது கண்கூடு. முன்பு குறிப்பு சரியில்லை என்றால் படிக்கிறவர் திட்டிவிட்டு எழுந்துபோய் யாரையாவது கேட்பார். இப்போது படிக்கிறது கேட்காமலே நம்பிச் செய்துவிடும்.

ஆகவே, இளைஞர்களே, உங்கள் டூலின் குறிப்பை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு நண்பரிடம் கொடுத்து, "இதை மட்டும் வைத்துக்கொண்டு வேலையைச் செய்" என்று சொல்லுங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ, அங்கே ஒரு வரி குறைகிறது. அந்த வரியை இன்றே எழுதுங்கள்.

மேலதிகாரிகளாக இருக்கும் நம்மவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குறிப்பு எழுதும் நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிடுங்கள். எழுதியவர் பெயரையும் பாராட்டுங்கள்.