ஹெர்ட்ஸ் கணக்கும் கண்ணின் அமானிதமும்

 

பிள்ளைகளுக்குக் கணினி வாங்கச் செல்லும் பெற்றோரிடம் கடைக்காரர் இப்போது முதலில் சொல்வது ஓர் எண்ணை. 60 ஹெர்ட்ஸ் பழையது, 120 நல்லது, 144 அதனினும் நல்லது. எண் கூடக் கூடக் கண்ணுக்கு இதம் என்கிறார். அதை நம்பிக் கூடுதலாகச் சில ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு, பிள்ளையின் கண்ணுக்குப் பாதுகாப்பு வாங்கிவிட்டோம் என நிம்மதி கொள்கிறோம். அந்த எண் சொல்வது ஒன்று. கண்ணுக்குத் தேவையானது வேறொன்று. இதைப் பெற்றோரும் மதரஸா நிர்வாகிகளும் தெரிந்துகொள்வது நல்லது.

திரையே வேண்டாம் என்று சொல்லும் காலம் நம் பகுதியில் கடந்துவிட்டது. போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலமே கணினித் திரையில்தான் நடக்கிறது. ஸ்பைசஸ் போர்டு எனப்படும் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் வியாபாரிகள் திரையைப் பார்த்தே விலை கேட்கின்றனர். மலையில் விளைந்த காய்க்குத் திரையில் விலை படிகிறது. ராசிங்காபுரம் போன்ற ஊர்களிலும் பிள்ளைகளின் பாடமும், வெளிநாட்டிலிருக்கும் அத்தாவோடு பேசும் பேச்சும் திரை வழியாகவே நடக்கின்றன. ஆகவே, எந்தத் திரையை எப்படிப் பார்ப்பது என்பதே இன்றைய கேள்வி.

ஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடியில் திரை எத்தனை முறை புதிய படத்தை வரைகிறது என்னும் கணக்கு. பழைய பெட்டி மானிட்டர்களில் இந்த எண்ணுக்கும் கண் வலிக்கும் நேரடித் தொடர்பு இருந்தது. அவற்றின் கண்ணாடியில் வரையப்பட்ட ஒளி உடனே மங்கிவிடும். மீண்டும் வரைந்தால்தான் தெரியும். எனவே 60 ஹெர்ட்ஸில் திரை துடிப்பதைப் பலரும் உணர்ந்தார்கள். 75, 85 என்று கூட்டியபோது இதம் கிடைத்தது. இன்றைய எல்சிடி திரை அப்படியன்று. அடுத்த படம் வரும்வரை முந்தைய படத்தை அது மங்காமல் பிடித்து வைத்திருக்கும். அதில் ஹெர்ட்ஸ் கூடினால் எழுத்துகள் நகரும்போது தெளிவாக இருக்கும். விளையாட்டுகள் வழுக்கிக்கொண்டு ஓடும். அசையாத பக்கத்தைப் படிக்கும் பிள்ளைக்கு அதனால் கிடைக்கும் பயன் சொற்பமே.

இன்றைய திரைகளில் துடிப்பு வருவது பெரும்பாலும் ஒளியைக் குறைக்கும் முறையால். பல திரைகளில் வெளிச்சத்தைக் குறைத்தால் விளக்கு உண்மையில் மங்குவதில்லை. ஒரு நொடிக்குள் பல நூறு முறை அணைந்து அணைந்து எரிகிறது. அணைந்திருக்கும் நேரம் நீண்டால் திரை மங்கலாகத் தோன்றும். ஓஎல்இடி கைப்பேசிகள் பலவற்றில் இது நொடிக்கு 240 முறை என்ற அளவில் நடக்கிறது. வீட்டார் உறங்குகிறார்கள் என்று அறை விளக்கை அணைத்து, திரையின் ஒளியையும் அடிமட்டத்துக்குக் குறைத்துப் பிள்ளை படிக்கும்போதுதான் இத்துடிப்பு மிகுதியாகிறது. கண்ணுக்கு நல்லது என்று நாம் செய்வதே சில திரைகளில் கண்ணுக்குச் சிரமமாகிவிடுகிறது.

கண்ணுக்குத் தெரியாத துடிப்பு எப்படித் துன்பம் தரும் என்று கேட்கலாம். பார்வைக்குக் கால அவகாசம் தேவை என்பதை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்னுல் ஹைதம் (ரஹ்) தம் 'கிதாபுல் மனாழிர்' நூலில் விளக்கியுள்ளார். பல நிறம் பூசிய பம்பரம் வேகமாகச் சுழலும்போது நிறங்கள் கலந்து ஒன்றாகத் தெரிவதை அவர் சான்றாகக் காட்டினார். விரைந்து மாறுவதைக் கண் பிரித்தறிவதில்லை. ஆனால் பிரித்தறியாததாலேயே பாதிப்பில்லை என்று ஆகிவிடாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த ட்யூப் லைட் நொடிக்கு 100 முறை துடிக்கிறது. அது யாருக்கும் தெரிவதில்லை. ஆயினும் இதே 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள பிரிட்டனில், ஆர்னால்டு வில்கின்ஸ் முதலியோர் அலுவலகப் பணியாளர்களிடம் நடத்தி 1989இல் வெளியிட்ட ஆய்வில், அத்தகைய விளக்குகளுக்குப் பதிலாகத் துடிப்புத் தெரியாத அளவு வேகமாக இயங்கும் மின்னணு சோக் பொருத்தியபோது தலைவலியும் கண்சோர்வும் சராசரியாகப் பாதிக்கும் மேல் குறைந்தன.

இதைக் கொண்டு எல்லாப் பழியையும் துடிப்பின்மீது போடுவதும் நியாயமாகாது. துடிப்பு எல்லோரையும் ஒன்றுபோல் வருத்துவதில்லை. திரையைக் கூர்ந்து பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவதே வெகுவாகக் குறைந்து, கண் உலர்ந்து எரிகிறது. கண்ணாடி தேவைப்படும் பிள்ளை கண்ணாடியின்றிப் படித்தாலும் தலை வலிக்கும். இவ்விரண்டையும் எந்த ஹெர்ட்ஸும் தீர்க்காது. விலையுயர்ந்த மானிட்டருக்கு முன்பாகக் கண் பரிசோதனைக்குச் செலவிடுங்கள். 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியிலும் கிளை இருக்கிறது. தூரம் ஒரு காரணமாகாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அறையை இருட்டாக்கி, திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, ஒளியைக் குறைத்து, அதன் முன்னால் ஒரு பென்சிலை விரைவாக இடவலமாக ஆட்டுங்கள். பென்சில் ஒரே மங்கலாகத் தெரிந்தால் நல்லது. விசிறிக் குச்சிகள்போல் தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் திரை துடிக்கிறது. அத்தகைய திரையில் ஒளியை மிகக் குறைக்காமல், அறையில் ஒரு விளக்கை எரியவிட்டுப் படிக்கச் செய்யுங்கள். புதிதாக வாங்கும்போது ஹெர்ட்ஸுக்கு முன்னால் 'ஃப்ளிக்கர் ஃப்ரீ' அல்லது 'டிசி டிம்மிங்' உண்டா என்று கேளுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தொலைவில் உள்ளதை 20 விநாடி பார்க்கும் பழக்கத்துக்குச் செலவே இல்லை.

மதரஸாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். கணினி வகுப்புக்கு நிதி திரட்டும் நிர்வாகிகள், அவ்வறையில் துடிக்கும் பழைய ட்யூப் லைட்டையும் மாற்றக் கணக்கில் இடம் ஒதுக்க வேண்டும். பிள்ளைகள் முஸ்ஹஃப் ஓதுவதும் அதே விளக்கின் கீழ்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, "கண் வலிக்கிறது உஸ்தாத்" என்று ஒரு பிள்ளை சொன்னால், பாடத்துக்குப் பயந்து சொல்லும் சாக்கு என்று உடனே முடிவு கட்டாதீர்கள். தனக்குத் தெரியாத துடிப்பைப் பற்றி அது எப்படி விளக்கிச் சொல்லும்? வலி மட்டுமே அதற்குத் தெரியும். கண் அல்லாஹ் தந்த அமானிதம். பிள்ளையின் கண் அவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். விசாரிப்பதும் விளக்கைப் பார்ப்பதும் நம் கடமை.