மனிதனுக்குப் பூட்டா?

பூட்டுக்குப் பேர் போன ஊர் நம் திண்டுக்கல். பெட்டிக்கும் கதவுக்கும்தான் நம் தொழிலாளி பூட்டுச் செய்தான், மனிதனுக்கு அல்ல.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த விடுதியில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டுண்டு கிடந்தவர்களுக்கு ஓட வழியில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்ட பெற்றோரை ஏசிப் பயனில்லை. விடிந்ததும் வேலைக்குப் போனால்தான் உலை கொதிக்கும் என்ற வீட்டில் பகலெல்லாம் கூட இருப்பது யார்? அன்று மாநிலம் முழுமைக்கும் சர்க்கார் மனநல மருத்துவமனை கீழ்ப்பாக்கத்தில் ஒன்றுதான்!

ஊரோடு சேர்ந்து வாழ்வது மாற்றுத்திறனாளிகளின் உரிமை என்கிறது 2016-ம் வருஷத்துச் சட்டத்தின் 5-வது பிரிவு. காகிதத்தில் இருந்தால் போதுமா? வயிறு நிறைய உதவித்தொகை, பக்கத்திலேயே வைத்தியம், பார்த்துக்கொள்பவருக்கும் ஒரு படி: இவற்றைச் சர்க்காரிடம் கேட்டுப் போராட வேண்டும்.

தோழர்களே, நம்மிடமும் குற்றம் உண்டு. "நொண்டி", "பைத்தியம்" என்ற பேச்சை மில் கேட்டிலும் களத்துமேட்டிலும் மட்டுமல்ல, சங்கக் கூட்டத்திலேயே என் காதால் கேட்டிருக்கிறேன். அன்று நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

உள்ளாட்சி மன்றங்களில் அவர்களுக்கு நியமன உறுப்பினர் இடம் தந்து 2025-ல் சட்டசபை சட்டம் செய்தது. நம் சங்கக் கமிட்டிகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?