மாற்றாந்தாய் மனப்பான்மையும் ஒரு விண்ணப்பப் பாரமும்

மலேசியத் தமிழர் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும் தொடர்களுள் ஒன்று, 'மாற்றாந்தாய் மனப்பான்மை' என்பது. தமிழ்ப்பள்ளிக்கு முழு உதவி கிடைக்கவில்லையா? மாற்றாந்தாய் மனப்பான்மை. கோயில் நிலத்திற்கு உரிமை கிடைக்கவில்லையா? மாற்றாந்தாய் மனப்பான்மை. தன் பிள்ளைக்கு ஊட்டும் கையே மற்றொரு பிள்ளையைத் தள்ளும் கொடுமையை இதைவிடச் சுருக்கமாக உணர்த்தும் தொடர் வேறில்லை. ஆனால், அத்தொடரை அரசின்மீது வீசும் சமுதாயம், தன் வீட்டு வாயிலில் உண்மையாகவே ஒரு மாற்றுப்பிள்ளை வந்து நிற்கும்போது எவ்வாறு நடந்துகொள்கிறது? அதனை அறிவதற்குக் குடிநுழைவுத் துறையின் விண்ணப்பப் பாரம் ஒன்றே போதும்.

மலேசியத் தமிழர் ஒருவர், தமிழ்நாட்டில் கணவனை இழந்த பெண் ஒருத்தியை மணக்கிறார் என்று கொள்க. அப்பெண்ணுக்கு முதல் மணத்தில் பிறந்த ஏழு வயது மகள் ஒருத்தி இருக்கிறாள். திருமணம் இனிதே நடந்தேறுகிறது. படம் எடுக்கும்போது அச்சிறுமியும் மணமக்களுக்கு நடுவில் நிற்கிறாள். பார்த்தவர்கள் மணமகனின் பெருந்தன்மையைப் பாராட்டுகிறார்கள். பின்னர், மனைவிக்கு நீண்டகாலச் சமூக வருகை அனுமதி கேட்டு விண்ணப்பிக்கும் நாள் வருகிறது. அன்றுதான் அனுபவசாலிகள் வீடு தேடி வருகின்றனர். "முதலில் மனைவியை அழைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பாட்டியிடம் இருக்கட்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கின்றனர். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் 'இல்லை' என்று எழுதிவிடுவதே நல்லது என்றும் கூறுகின்றனர். பெற்ற தாயின் கையொப்பத்திற்கு மேலே, அவளுக்குப் பிள்ளை இல்லை என்று எழுதச் சொல்லும் இந்த அறிவுரையை அறிவுரை என்பதா, அறக்கேடு என்பதா?

இவ்வறிவுரைக்கு மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன. மூன்றையும் ஒவ்வொன்றாக ஆராய்வது தகும்.

முதற்காரணம், பிள்ளையைச் சேர்த்தால் விண்ணப்பம் சிக்கலாகும் என்பது. சிக்கல் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. திருமணச் சான்றிதழ், இருவருடைய கடப்பிதழ்கள், கணவரின் அடையாள அட்டை ஆகியவற்றோடு, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும், அதனைப் பெற்ற தந்தையின் இறப்புச் சான்றிதழும் தேவைப்படும். தந்தை உயிரோடு இருப்பின், பிள்ளை யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதைக் காட்டும் நீதிமன்ற ஆணையோ அவருடைய ஒப்புதலோ வேண்டியிருக்கும். இவை யாவும் அலைச்சல் தருவனவே. ஆனால், இன்றைக்கு அலைச்சலுக்கு அஞ்சி மறைப்பவர் நாளை எதனைச் சந்திக்கப் போகிறார் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். ஈராண்டுகள் கழித்து அதே பிள்ளைக்கு விண்ணப்பம் போடும்போது, பழைய கோப்பு அதிகாரியின் மேசைமேல் இருக்கும். பிள்ளை இல்லை என்று அன்று எழுதிய தாய், இன்று ஒன்பது வயது மகளோடு வந்து நிற்பாள். அனுமதி பெறுவதற்காகப் பொய் விவரம் தருவது குடிநுழைவுச் சட்டத்தின்படி குற்றம். பிள்ளையின் விண்ணப்பத்தோடு தாயின் அனுமதியும் ஐயத்திற்கு உள்ளாகும். எளிய வழி என்று காட்டப்பட்டது இருவரையும் இடறச் செய்யும் குழியாக முடியும்.

மேலும், தாயையும் பிள்ளையையும் முதல் வாயிலிலேயே பிரிப்பது எப்போதும் அரசுதான் என்று சொல்வதற்கும் இல்லை. 2023 டிசம்பர் முதல் நாள்தொட்டு இந்தியக் குடிமக்கள் 30 நாள்வரை விசா இன்றி மலேசியாவுக்கு வரலாம் என்னும் சலுகை நடப்புக்கு வந்தபோது, அது பெரியவர்களுக்கு மட்டுமே உரியது என்று அறிவிக்கப்படவில்லை. 30 நாள் வருகை குடியிருப்பு ஆகாது. நாள் கடந்து தங்குவது குற்றமே. ஆயினும், தாயோடு மகளும் வந்து, தான் வாழப்போகும் வீட்டையும் தெருவையும் பார்த்துத் திரும்பும் அளவுக்கு அக்கதவு திறந்திருந்தது. சட்டம் திறந்து வைத்த கதவை உறவினர் மூடினால், அங்கே மாற்றாந்தாய் யார்?

இரண்டாம் காரணம், 'அது வேறொருவர் பிள்ளை. இவர் ஏன் சுமக்கவேண்டும்?' என்பது. குருதியே உறவு என்று கருதுவோர் எழுப்பும் வினா இது. இதற்கு விடையைக் கதைகளில் தேடவேண்டியதில்லை. முஸ்லிம் அல்லாதார்க்காக மலேசியாவில் இயற்றப்பட்டு, 1982 மார்ச்சு முதல் நடைமுறையில் இருந்துவரும் 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணமுறிவுச் சீர்திருத்தச் சட்டமே விடை தருகிறது. கணவன் மனைவி இருவருக்கும் பிறந்த பிள்ளையை மட்டுமன்றி, அவர்களுள் ஒருவருக்குப் பிறந்து மற்றவரால் குடும்பத்தில் ஒருவராக ஏற்கப்பட்ட பிள்ளையையும் 'அம்மணத்தின் பிள்ளை' என்றே அதன் இரண்டாம் பிரிவு கொள்கிறது. அவ்வாறு பிள்ளையை ஏற்றுக்கொண்ட ஆண்மகன், பெற்றோர் பேணத் தவறும் அளவிற்கு அதனைப் பேணும் கடமை உடையவன் என்று 99-ஆம் பிரிவு விதிக்கிறது. மணப்பந்தலில் ஏற்றுக்கொண்டு விண்ணப்பப் பாரத்தில் மறுப்பது, அறத்தோடு சட்டத்தின் கருத்துக்கும் மாறானதன்றோ?

மூன்றாம் காரணம் வெளிப்படையாகச் சொல்லப்படுவதில்லை. ஆனால், மற்ற இரண்டிற்கும் வேராக இருப்பது அதுவே. அது வெட்கம். மணமகள் முன்பே மணமானவள் என்பதை ஊரார் அறியக்கூடாது என்னும் வெட்கம். மனைவி மட்டும் வந்தால் அவள் புதுமணப்பெண். மகளோடு வந்தால் அவளுக்கு ஒரு கடந்தகாலம் உண்டு. அதனை மறைப்பதற்காகவே ஓர் உயிர் கடலுக்கு அப்பால் நிறுத்திவைக்கப்படுகிறது. இந்துக் கைம்பெண்கள் மறுமணம் செய்யலாம் என்று இந்தியாவில் சட்டம் பிறந்தது 1856-இல். பெரியார் மலாயாவிற்கு முதன்முதல் வந்தது 1929-ஆம் ஆண்டின் இறுதியில். அன்றுதொட்டு இந்நாட்டில் சீர்திருத்தம் பேசாத தமிழ் அமைப்பு அரிது. கைம்பெண் மறுமணத்தைப் போற்றிச் சிறுகதை எழுதாத எழுத்தாளரும் அரியர். அக்கதைகள் பெரும்பாலும் தாலி கட்டுவதோடு முடிந்துவிடுகின்றன. அவளுடைய பிள்ளை எங்கே உறங்கியது, எந்தப் பள்ளியில் சேர்ந்தது, யார் பெயரால் அழைக்கப்பட்டது என்பதை அவை சொல்வதில்லை. தாயை ஏற்று மகளை விலக்கும் மறுமணம் பாதிச் சீர்திருத்தம். பாதிச் சீர்திருத்தம் முழுக் கொடுமையாக முடிவதும் உண்டு.

பெயரைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். தமிழ்நாட்டில் தந்தை பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்தாக நிற்கும். கடப்பிதழில் அது முழுப்பெயராக விரியும். மலேசிய ஆவணங்களிலோ, மகன் அல்லது மகள் என்னும் குறிப்பை அடுத்துத் தந்தையின் பெயர் வரும். ஆகவே, சிறுமியின் பெயரோடு இறந்துபோன தந்தையின் பெயரும் பயணம் செய்யும். அதனைக் கண்டு, "என் பெயரையே தந்தை பெயராக எழுதிவிட்டால் என்ன?" என்று அன்பின் மிகுதியால் கேட்கும் கணவரும் உளர். அன்பு போற்றத்தக்கது, எழுத்து பொய்யாகும். பிறப்புச் சான்றிதழ் ஒன்றும் விண்ணப்பம் மற்றொன்றும் சொன்னால், ஐயத்திற்கு உள்ளாவது அப்பிள்ளையே. அன்றியும், இறந்தவரின் பெயரை அழித்துத்தான் வாழ்பவர் தந்தையாக வேண்டுமா? பெற்றவர் பெயர் ஆவணத்தில் இருக்கட்டும். வளர்ப்பவர் பெயர் அப்பிள்ளையின் நெஞ்சில் தானே எழுதப்படும். சட்டப்படி உறவை உறுதிசெய்ய விரும்புவோர்க்கு மகவேற்பு முறை உண்டு. அதற்குரிய நீதிமன்றத்தை நாடுவதே நேர்வழி.

இவ்வளவும் சமுதாயத்தின் குற்றம். அரசின் பங்கு யாதும் இல்லை என்று இதனாற் கூறவியலாது. பிள்ளைகளைக் கடத்துவோர் உள்ள உலகில், எல்லையில் நிற்கும் அதிகாரி ஆவணம் கேட்பது கடமையே. ஆனால், சரிபார்த்தல் வேறு, பிரித்துவைத்தல் வேறு. நாட்டின் அரசமைப்புச் சட்டம் 15(1)-ஆம் விதியில், குடிமகன் ஒருவனின் மனைவி, ஈராண்டு வாழ்வு, நன்னடத்தை உள்ளிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் குடியுரிமைப் பதிவு கோரும் உரிமையை வழங்குகிறது. அவளுடைய முன்மணப் பிள்ளைக்கு அவ்விதியில் இடமில்லை. தாய் குடிமகள் ஆனபின், குறித்த வயதுக்குள், தாயின்வழிப் பதிவு கோரலாம். தாய் அந்நிலையை அடையும் வழி நெடிது. பிள்ளையின் வயதோ காத்திருப்பதில்லை. மலேசியப் பெண் ஒருத்தி அயல்நாட்டவரை மணந்தால், அக்கணவர்க்கு இவ்வுரிமையும் கிடையாது. அவர் பிள்ளையின் நிலை சொல்லவே வேண்டியதில்லை.

1989-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் மலேசியா 1995-இல் இணைந்தது. குடும்பம் ஒன்று சேர்வதற்காகத் தரப்படும் விண்ணப்பங்களை அரசுகள் பரிவோடும் விரைவோடும் கவனிக்க வேண்டும் என்பது அதன் பத்தாம் விதியின் கருத்து. திருமணச் சட்டம் அப்பிள்ளையைக் குடும்பத்துள் வைக்கும்போது, குடிநுழைவு நடைமுறை மட்டும் அதனைத் தனிக்கோப்பாக எண்ணுவது முறையன்று. தாயும் பிள்ளையும் ஒரே விண்ணப்பமாக ஏற்கப்பட்டு, ஒரே நாளில், ஒரே கால அளவுக்கு அனுமதி பெறுவதே நேர்மை. இதனைக் கேட்பது சலுகையன்று. ஆனால், இதனை உரத்துக் கேட்கும் தகுதி, பிள்ளையை மறைக்காமல் எழுதியவர்க்கே உண்டு. மறைக்கப்பட்ட பிள்ளைக்காக எந்த அரசிடமும் எவரும் வாதாட இயலாது.

இங்கேதான் தமிழாசிரியர்க்குப் பணி இருக்கிறது. மலாய்மொழியில் அமைந்த பாரத்தையும் தமிழ்நாட்டிலிருந்து வந்த சான்றிதழையும் கையில் வைத்துக்கொண்டு எளியவர் ஒருவர் யாரைத் தேடுகிறார்? பல ஊர்களில் இன்றும் தமிழ்ப்பள்ளி ஆசிரியரையே தேடுகிறார். அவ்வாசிரியர் பாரத்தை நிரப்பித் தருவதோடு நிற்கலாகாது. 'இல்லை' என்று எழுதச் சொன்னால் மறுக்கவேண்டும். மாற்றுப்பிள்ளை என்னும் உறவை உள்ளவாறே எழுதச் செய்யவேண்டும். வகுப்பறையில் மாணவர் கற்பனை நண்பனுக்கு மடல் எழுதிப் பழகுகின்றனர். உண்மையான பாரம் ஒன்றை உண்மையாக நிரப்பவும் அவர்கள் பழகவேண்டாமா? ஒரு கட்டத்தில் எழுதும் ஒரு சொல், ஒரு குழந்தையை வீட்டிற்குள் அழைத்துவரவும் வெளியே நிறுத்தவும் வல்லது என்பதைவிட மொழிப்பாடத்தில் கற்பிக்கத்தக்க பெரிய பாடம் வேறு எது?

மற்றொன்றும் உண்டு. 'மாற்றாந்தாய் மனப்பான்மை' என்னும் தொடருக்கு வாக்கியம் அமைக்குமாறு மாணவரைப் பணிக்கும் ஆசிரியர், அவ்வகுப்பின் கடைசி வரிசையில், கடல் கடந்து வந்து புதிய தந்தையின் வீட்டில் வாழும் சிறுமி ஒருத்தி அமர்ந்திருக்கலாம் என்பதை ஒரு கணம் எண்ணிப் பார்க்கவேண்டும். அத்தொடர் அவளுக்குப் பொய்யாகும் வண்ணம் ஒரு வீடு, ஒரு பள்ளி, ஒரு சமுதாயம் நடந்துகாட்டுமாயின், அன்று அச்சமுதாயம் அரசை நோக்கி விரல் நீட்டும் தகுதியைப் பெறும். அதுவரை அவ்விரல், பாரத்தில் 'இல்லை' என்று எழுதிய கையின் விரலாகவே இருக்கும்.